கூதலின் வேர்

அகராதி அலுவலகத்தில் அவரை எல்லோரும் வேர்க்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அட்டையில் எழுதுவது அவர் வேலை. கையெழுத்து மட்டும் கோழி கிளறின மாதிரி இருக்கும். அதனால் எதிர் மேசைப் பெண் ஒவ்வோர் அட்டையையும் அழகாக நகலெடுப்பாள். அவர் எழுதினது குப்பைக்கூடைக்குப் போய்விடும்.

‘கூதல்’ வந்த அன்றுதான் வினை. பொருள் எளிது: குளிர்காலத்தில் உடம்பை வெடவெடக்க வைக்கும் குளிர். ‘கூதிர்’ என்ற பழைய சொல்லுக்குச் சொந்தம் போலத் தெரிந்தது. அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. காலையிலிருந்து பதினோரு அட்டையில் ‘வேர் தெரியவில்லை’ என்று எழுதியாகிவிட்டது. பன்னிரண்டாவதிலும் அதையே எழுத வெட்கம். அட, தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதித் தொலைக்க வேண்டியதுதானே! மனுஷன், குளிரில் கையைக் கூப்பி உட்காருவதால் ‘கூதல்’ வந்தது என்று அளந்துவிட்டார்.

அகராதி அச்சாகி வந்தது. ஒரு பேராசிரியர், இதற்கு என்ன ஆதாரம் என்று கடிதம் போட்டார்.

அகராதி ஆசிரியர் வேர்க்காரரையும் அந்தப் பெண்ணையும் கூப்பிட்டு அட்டையை மேசையில் போட்டார். “இது யாரு கைங்கரியம்?”

“கையெழுத்து என்னோடதுதான் சார்,” என்றாள் அவள். அந்த மாதம்தான் அவள் வேலை நிரந்தரம் ஆவதாக இருந்தது. “அண்ணா இப்படி எழுதவே மாட்டார். நகலெடுக்கும்போது நான்தான் எதையோ உளறியிருப்பேன்.”

வேர்க்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ஓய்வுக்கு இன்னும் இரண்டே வருஷம்; இத்தனை காலம் காப்பாற்றிய பேர்.

“இந்த மாசத்தோட நின்னுக்கம்மா,” என்றார் ஆசிரியர்.

வெளியே வந்ததும் அவள் கண் கலங்கிவிட்டாள். “உங்க பேரைக் கெடுத்துட்டேன். மன்னிச்சிடுங்கண்ணா.”

“பரவாயில்லம்மா, யாருக்கும் வர்றதுதான்.”

தான் செய்த தப்புக்கு அவளை மன்னிக்கிறாராம்! சொன்ன வாயை ஊசி நூல் போட்டுத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. அன்றிலிருந்து அவள் முகத்தைப் பார்த்துப் பேசவே முடியவில்லை.

கடைசி நாள் அவள் மேசையருகே வந்து நின்றாள். “வேற இடத்துல காட்ட ஒரு சான்று எழுதித் தர்றீங்களாண்ணா?”

இதையாவது செய்வோம் என்று கோணல்மாணலாக அள்ளி அள்ளி எழுதினார். நேர்மையானவர், உழைப்பாளி, கவனமானவர்.

அவள் எட்டிப் பார்த்து விரல் வைத்தாள். “கவனமானவர்னு மட்டும் வேண்டாம்ணா. பொய் ஆயிடும். நீங்க பொய் எழுதி நான் பார்த்ததே இல்ல.”

வேர்க்காரர் பேனாவை மூடினார். ஆசிரியர் அறைக்குள் போய், கதவைக்கூடச் சாத்தாமல் சொன்னார்:

“சார், கூதல் நான் எழுதினது.”