வெந்நீர்க்காரர்கள்

வார்டில் படுத்திருந்த அத்தனை பேரும் ஒரே ராகத்தைப் பாடினார்கள். "நான் வெந்நீர் மட்டும்தாம்மா குடிச்சேன்." பேதியும் வாந்தியுமாக வந்து, கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது; ஆனாலும் அந்த வெந்நீரை மட்டும் ஒருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. சுகாதார ஆய்வாளருக்கு எரிச்சலாக வந்தது. வெந்நீர் குடித்துத்தான் பாதி ஊர் படுத்துக்கொண்டது என்று மேலிடத்துக்கு எழுதினால், அவளைத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

படுத்திருந்தவர்களில் அவளுடைய அப்பாவும் ஒருவர். பேருந்து நிலையத்தில் காலமெல்லாம் மைக் பிடித்து அறிவிப்புச் செய்த மனிதர். பஸ் கண்ணெதிரே வந்து நின்றாலும் அவர் சொன்ன பிறகுதான் ஜனங்கள் ஏறுவார்கள்; அந்தக் குரல்மேல் ஊருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. சர்க்கரை நோய் வேறு.

"அப்பா, வெளியில ஏதாவது குடிச்சீங்களா?"

"சேச்சே! நானா?"

கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மா பிளாஸ்க்கும் கையுமாகக் காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். "நான் கொதிக்க வச்சு ஆத்திக் குடுக்கறதைத் தவிர உங்கப்பா வாயில வேற ஒரு சொட்டு படாதுடி," என்றாள் பெருமையாக. அப்பா மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினார்.

தலைமை மருத்துவர் அவசரக்காரர். "எனக்கு மேல்நிலைத் தொட்டி மேலதான் சந்தேகம். நாளைக்குள்ள வேற காரணம் காட்டுங்க. இல்லேன்னா சப்ளையை நிறுத்திடுவேன்," என்று சொல்லிவிட்டார். தொட்டியிலோ குளோரின் சரியாகவே இருந்தது. குழாயை நிறுத்தினால் ஜனங்கள் கண்ட குட்டையிலும் குடத்தைப் போடுவார்கள்; அப்புறம் வியாதி தலைவிரித்து ஆடும்.

ஒரு விஷயம் மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது. படுத்தவர்கள் வேறு வேறு தெருக்காரர்கள். அவர்கள் வீட்டில் அதே குடத்துத் தண்ணீரைக் குடித்த மற்றவர்கள் குத்துக்கல்லாட்டம் இருந்தார்கள். படுத்தவர்கள் எல்லாரும் காலையில் பூங்காவில் வேர்க்க விறுவிறுக்க நடக்கிறவர்கள். ஆக, வீட்டுத் தண்ணீர் அல்ல. மறுநாள் காலை அவளும் காலணியை மாட்டிக்கொண்டு பூங்காவைச் சுற்றினாள். குழாயைச் சோதித்தாள், குற்றமில்லை. பின்பக்க வாசல் வழியாக வெளியே வந்தால், எதிரே ஒரு ஜூஸ் கடை.

"வாங்க மேடம்! நீங்க பஸ் ஸ்டாண்டு சாரோட பொண்ணுதானே?" கடைக்காரர் முகமெல்லாம் பல்லாக வரவேற்றார். "அப்பாவை ஆளையே காணோமே, ஊருக்குப் போயிருக்காரா? அவருக்குன்னா சர்க்கரை தூக்கலா, ஐஸ் ரெண்டு பங்கு. தினமும் தவறாது!"

கோபப்படத்தான் நினைத்தாள்; சிரிப்பு முந்திக்கொண்டது. "வாக்கிங் கூட்டம் மொத்தமும் இங்கதானா?"

"பின்னே? அங்க நடந்து குறைக்கறதை இங்க உக்காந்து ஏத்திக்குவாங்க. வீட்டுல மட்டும் சொல்லிடாதேன்னு எங்கிட்ட சத்தியமே வாங்கியிருக்காங்க."

அந்தச் சத்தியத்தை அவர் இப்போதுதான் போட்டு உடைத்தார் என்பது அவருக்கே தெரியவில்லை. ஐஸ் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். பழைய இடத்தில் மெஷின் பழுதாம். போன வாரத்திலிருந்து மீன் பெட்டிக்கு ஐஸ் போடுகிற பட்டறையில் வாங்குகிறாராம். பட்டறைக்குப் போனாள். சாக்கடையை ஒட்டினாற்போல் ஆழ்துளைக் கிணறு. தண்ணீரில் குளோரின் மருந்துக்குக்கூட இல்லை. மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, இரண்டு இடங்களையும் பூட்டினாள். மருத்துவரும் தொட்டியை விட்டுவிட்டார்.

அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. "ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க கொஞ்சம்தான் மேடம். மீதிப் பேர் எங்கேன்னே தெரியலை," என்று கடைக்காரர் கலங்கிப்போய்ச் சொன்னார். அன்று மதியம், பூங்காவில் 'ராக்கெட்' என்று பெயரெடுத்த பெரியவரைத் தூக்கி வந்தார்கள். கண் குழிக்குள் போயிருந்தது, நாடி கைக்கு அகப்படவில்லை. "கதவைச் சாத்திக்கிட்டு ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னே சொன்னாரும்மா," என்று அவர் மனைவி அழுதாள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். திட்டுக்குப் பயந்து இப்படி இன்னும் எத்தனை கதவுகள் சாத்தியிருக்கின்றனவோ என்று அவளுக்குத் திக்கென்றது.

அலுவலக ஓட்டுநர் வண்டியில் ஒலிபெருக்கி கட்டி, எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தபடி ஊரைச் சுற்றினார். ஒரு ஈ காக்கை வரவில்லை. அவள் அந்த வண்டியிலேயே நேரே வீட்டுக்குப் போனாள். அன்று காலைதான் வீடு திரும்பிய அப்பா நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"அப்பா, எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. ஐஸ் ரெண்டு பங்கு."

அப்பா திருதிருவென்று விழித்தார். "மெதுவாப் பேசு. அம்மா உள்ள இருக்கா."

"மெதுவாப் பேசத்தான் ஆளு இருக்கே. சத்தமாப் பேசத்தான் நீங்க வேணும். ராக்கெட் சார் சாவு வரைக்கும் போயிட்டுத் திரும்பியிருக்கார்ப்பா."

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, அம்மாவிடம் சொல்லாமல் மகளோடு வண்டியில் ஏறினார். மைக்கைப் பிடித்ததும் வாய் தானாகப் பழைய வழிக்குப் போனது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

ஓட்டுநர் ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து சிரித்தார். அப்பா தொண்டையைச் செருமினார். "பூங்கா பின்வாசல்ல ஐஸ் போட்ட ஜூஸ் குடிச்சவங்க எல்லாரும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. அந்த ஐஸ்லதான் கோளாறு. நானும் குடிச்சேன். தினமும் குடிச்சேன். வீட்டுல வெந்நீர்னு பொய் சொன்னேன்."

ஜன்னல்கள் திறந்தன. தலைகள் தெரிந்தன. கதவுகள் மட்டும் திறக்கவில்லை. வண்டி அவர்கள் தெருவுக்குள் திரும்பியபோது, வாசலில் அம்மா இடுப்பில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். ஓட்டுநர் தானாகவே பிரேக்கை மிதித்தார். அம்மா ஏறினாள், அப்பாவின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். சின்ன வயதில் திட்டு வாங்கும்போது செய்வதுபோல மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் இவர் சம்சாரம் பேசறேன். வீட்டுல இருக்கற பொம்பளைங்க, ஆம்பளைங்க எல்லாரும் கேளுங்க. குடிச்சவங்களை இப்போ யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. உப்பும் சர்க்கரையும் கரைச்சுக் குடுத்து, கையோட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. ஆமா, சர்க்கரைதான். இன்னைக்கு அதுக்கு அனுமதி உண்டு. திட்டறதை எல்லாம் குணமான பிறகு வச்சுக்கலாம். நானும் அப்படித்தான் வச்சிருக்கேன்."

எதிர்வீட்டுக் கதவு முதலில் திறந்தது. வெளிறிப்போன வக்கீலை அவர் மனைவி தோளில் தாங்கிக்கொண்டு வந்தாள். அடுத்து மூலைவீட்டு டெய்லரம்மா, சுவரைப் பிடித்தபடி, கணவனைப் பார்க்காமலே. மகளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இத்தனை வருஷ வேலையில் அவள் வாய் கிழியப் பேசியும் திறக்காத கதவுகள் அவை.

அம்மா மைக்கை அணைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். "ஏங்க, எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்." அம்மாவின் குரல் சட்டென்று உடைந்தது. "ஆனா, மாட்டேன்னு சொல்றதுக்காவது நீங்க இருக்கணும்ல?"

அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஓட்டுநர் வண்டியை அடுத்த தெருவுக்குத் திருப்பினார்.