பின்கதவுக்கு ஒரு மனு

சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியில் மனுக்காரி என்றால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். சம்பளம் வாங்குவது பிசிறு நூல் வெட்டுவதற்கு. பேர் வாங்கியது கடிதம் எழுதுவதில். தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பெறுநர், பொருள், தேதி, இடப்பக்கம் இரண்டு விரற்கடை இடம், ஒன்றும் பிசகாது.

இந்தத் தடவை மனு, தையல் கூடத்தின் பின்கதவைப் பற்றியது. துணி திருட்டுப் போகிறது என்று அதைப் பூட்டி, சூப்பர்வைசர் சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஒரு வருடமாகிறது. போன மாதம் இஸ்திரிப் பகுதியில் ஒயர் தீப்பற்றிப் புகை கிளம்பியபோது பெண்கள் அத்தனை பேரும் அந்தக் கதவில்தான் போய் மோதினார்கள். சூப்பர்வைசர் டீ குடிக்கப் போயிருந்தார். திரும்பி முன்வாசலுக்கு ஓடிய நெரிசலில், பட்டன் மெஷினில் வேலை பார்க்கும் அவளுடைய அண்ணி மிதிபட்டு, கணுக்கால் பிசகி, இரண்டு வாரம் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். யாரோ மணலை அள்ளிக் கொட்டியதில் தீ அணைந்தது. அடுத்த தடவையும் அணையும் என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?

மனு தயாராகிவிட்டது. முதல் கையெழுத்துப் போடத்தான் ஆளில்லை.

"முதல் பேரைத்தான் முதல்ல தூக்குவாங்க" என்று ஆளாளுக்கு நழுவினார்கள். சட்டைக்குக் காஜா போடும் காஜா அக்காதான் வழி கண்டுபிடித்தாள். டிபன் டப்பா மூடியைத் தாளில் கவிழ்த்துப் பேனாவால் வட்டம் போட்டாள்.

"இதைச் சுத்திப் போடுங்கடி. தலையும் தெரியாது, வாலும் தெரியாது. எவ ஆரம்பிச்சான்னு தேடி அவங்களுக்குத்தான் தலை சுத்தணும்."

"என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்க்கா" என்றாள் லேபிள் தைப்பவள்.

"அதுதான்டி வேணும். நல்லாக் கிளறு!"

சிரிப்போடு சிரிப்பாக, மனுக்காரியோடு சேர்த்து இருபத்து மூன்று பேர் போட்டார்கள்.

மனுக்காரி அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். குமாஸ்தா தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, கடிகாரமா? முள்ளைக் காணோமே?"

"எல்லாரும் போட்ட கையெழுத்து சார்."

"வட்டத்தையெல்லாம் ஃபைல்ல ஏத்த முடியாது. வரிசை எண், பேரு, பிரிவு, மெஷின் நம்பர், விலாசம். இப்படி ஒரு லிஸ்ட் குடுங்க. இல்லேன்னா எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கலாம். காஜா அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் இன்னொரு லீவு என்றால் சூப்பர்வைசர் மோப்பம் பிடித்துவிடுவார். உள்ளதைச் சொன்னால், காரணம் அது மட்டுமில்லை. அவள் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டாலும் மதிப்பெண் போய்விடும். கேட்ட விவரம் கைவசம் இருக்கும்போது இல்லை என்று சொல்ல அவளுக்கு வராது. இருபத்து மூன்று பேரின் மெஷின் நம்பரும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பெஞ்சில் உட்கார்ந்து, அடையாள அட்டையின் ஓரத்தை வைத்துக் கோடு போட்டு, எல்லாவற்றையும் நிரப்பினாள். மரியாதைக்குத் தன் பெயரைக் கடைசியில் எழுதினாள்.

"அடடா, அச்சடிச்ச மாதிரி இருக்கே!" என்று குமாஸ்தா முத்திரை குத்தினார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கம்பெனிக்கு வந்து, "குடுத்தாச்சு" என்று மட்டும் சொன்னாள்.

புகார் வந்தால் அதன் நகலைக் கம்பெனிக்கு அனுப்பி விளக்கம் கேட்பது அந்த அலுவலகத்தின் நடைமுறை. பட்டியலும் மனுவோடு சேர்ந்தே போனது.

ஒன்பதாம் நாள் காலை, ஆர்டர் குறைந்துவிட்டது என்று சொல்லி வாசலில் பெயர்களை வாசித்தார்கள். ஒன்றாம் எண் காஜா அக்கா. நான்காம் எண் அண்ணி. அவள் எழுதிய அதே வரிசை. இருபத்திரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். மேனேஜரே வாசலுக்கு வந்தார்.

"நீ உள்ளே போம்மா" என்றார், எல்லோர் காதிலும் விழும்படி. "லிஸ்ட் ரொம்ப உபயோகமா இருந்துச்சு."

காஜா அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "மெஷின் நம்பர் வரைக்குமாடி எழுதின? ரத்த வகையை ஏன் விட்டுட்ட?"

"அக்கா, ஆபீஸ்ல கேட்டாங்கக்கா..."

"கேட்டா குடுத்துடுவியா? எங்களைக் கேட்டியா?"

அன்றைக்கு அவளும் உள்ளே போகவில்லை. வீட்டுக்கு வந்து, "நானும் வேலையை விட்டுடுறேன் அண்ணி" என்றாள்.

அண்ணி காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"விட்டுட்டு? உங்க அண்ணன் ஒருத்தர் சம்பளத்துல எத்தனை வயிறு ரொம்பும்? போய் உன் இடத்துல உட்காரு." தைலப் புட்டியை மூடிவிட்டு, "பூட்டின கதவுக்குள்ளதான் உட்காரப்போற. அதுக்கு மேல உன்னை நான் என்ன திட்ட?" என்றாள்.

மறுநாள் போனாள். அடுத்த மாதம் பதில் கடிதம் வந்தது. மனுதாரர்களில் இருபத்திரண்டு பேர் மேற்படி நிறுவனத்தில் தற்போது பணியில் இல்லை; கூட்டு மனுவுக்குப் பணியில் உள்ள ஐந்து பேராவது வேண்டும்; எனவே மனு முடித்துவைக்கப்படுகிறது.

இன்னும் நான்கு பேர். சாப்பாட்டு இடைவேளையில் மேசை மேசையாகப் போய்க் கேட்டாள். பட்டியல் எதுவும் தரமாட்டேன் என்று சத்தியம் செய்தாள். அவள் பக்கத்தில் வந்து நின்றதுமே பேச்சு நின்றுபோனது. ஒருத்தி டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனாள். கடைசியாக, காஜா அக்காவின் மெஷினுக்குப் புதிதாக வந்திருந்தவளிடம் போனாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்; வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்தான் ஆகிறது.

"தப்பா நினைக்காதீங்கக்கா" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "உங்ககூடப் பேசக்கூடாதுன்னு சொல்லித்தான் என்னை உள்ளேயே விட்டாங்க."

"பேச வேண்டாம்மா. அந்தக் கதவு பூட்டியிருக்கு. அதை மட்டும் தெரிஞ்சு வச்சுக்கோ."

"எந்தக் கதவு? நான் எதையும் பார்க்கலை."

கதவு அவளுக்கு நேர் பின்னால், பத்தடி தூரத்தில் இருந்தது. திரும்பிப் பார்த்தாலே குற்றமாகிவிடும் என்பதுபோல் அவள் தலையைக் குனிந்து, ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினாள்.