கடைசித் தட்டு

பழைய துணியில் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டிய அந்தப் பொட்டலம், காலை ஷிப்ட் தொடங்கி அரை மணி நேரத்தில் என் மேசைக்கு வந்தது. பிரித்தேன். பதினேழாம் நம்பர் ஸ்பேனர், இரண்டு துண்டாக. வாய்ப் பக்கம் தனி, கைப்பிடி தனி. உடைந்த இடத்தைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கற்கண்டை உடைத்ததுபோல் மணி மணியாக மின்னியது. பதமான எஃகு அப்படி உடையாது. முதலில் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், பிடித்திருக்கிற கைக்கு ஒரு தகவல் சொல்லும். இது எதையும் சொல்லாமல் பட்டென்று போயிருக்கிறது. கைப்பிடி ஓரத்தில் கறுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது துரு இல்லை என்று புரிய எனக்குச் சற்று நேரமானது.

கூடவே நான்காக மடித்த ஒரு காகிதம். பேசுவதுபோலவே எழுதியிருந்தது. "உங்க ஸ்பேனர் உடைஞ்சுது. என் கையில ரெண்டு விரலும் உடைஞ்சுது. புதுசு அனுப்ப வேணாம். ஏன் உடைஞ்சுதுன்னு மட்டும் சொல்லுங்க." கீழே ஒரு வண்டி ரிப்பேர் கடையின் விலாசம். கோணல் மாணலான எழுத்து. இடது கையால் எழுதியிருக்க வேண்டும்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு ஸ்பேனர் பிறப்பது முன் கொட்டகையில். சாண் சாணாக வெட்டிய எஃகுக் கம்பி சிவக்கக் காய்ந்து, சம்மட்டி மிஷினுக்கடியில் மூன்றே அடியில் உருவம் பெறும். ஓரம் நறுக்கி, மறுபடி சூடேற்றி, எண்ணெயில் முக்குவார்கள். எண்ணெயிலிருந்து வெளியே வரும்போது அது கண்ணாடி மாதிரி. கெட்டி என்றால் அப்படி ஒரு கெட்டி, ஆனால் தரையில் ஓங்கிப் போட்டால் தெறித்துவிடும். அந்த முரட்டுத்தனத்தைத் தணிப்பதற்குத்தான் பதம் போடும் உலை. மிதமான சூட்டில் இரண்டு மணி நேரம், ஒரு நிமிடமும் குறையாமல். அதன் பிறகுதான் தேய்ப்பு, கறுப்புப் பூச்சு. கடைசியில் என் மேசை. தட்டுக்கு ஒன்று வீதம் எடுத்து மிஷினின் ஊசி முனையில் வைத்து, எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். பதினொரு வருடமாக இதுதான் என் வேலை. பதம் போடும் உலையைப் பார்த்துக்கொள்வது என் அண்ணன். என் கணவர் போன பிறகு என்னை இங்கே கூட்டிவந்து சேர்த்துவிட்டதும் அவர்தான்.

ஒன்றாகச் செய்த சரக்கு மொத்தத்துக்கும் ஒரே லாட்டு எண் அடிப்போம். ஸ்பேனர் கைப்பிடியில் இருந்த அந்த எண்ணைப் படித்ததும் அது எந்த நாள் என்று தெரிந்துவிட்டது. நோட்டைப் புரட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆனாலும் புரட்டினேன். எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. நான்கு தட்டு, தட்டுக்கு அறுபது. ஊசி இறங்கிய அளவாக நான்கு எண்கள், எல்லாம் ஒழுங்காக. கீழே என் கையெழுத்து, வழக்கத்தைவிட வேகமாகச் சாய்ந்து.

அன்று மதியம் அண்ணன் மகளுக்குப் பிரசவ வலி என்று போன் வந்தது. முதல் பிரசவம். அண்ணன் உலைக்கும் வாசலுக்கும் நடையாய் நடந்துவிட்டு, நான்கு மணிக்கெல்லாம், ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயிருந்த தட்டுகளை மொத்தமாக வெளியே இழுத்து வைத்துவிட்டுக் கிளம்பினார். எனக்கும் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் காலை குழந்தையைப் பார்க்க ஓடும் அவசரத்தில், தட்டுக்கு ஒன்று எடுக்க வேண்டியதை மேலாக இருந்த முதல் தட்டிலிருந்தே நான்கையும் எடுத்து முடித்தேன். நான்கும் தேறின. யாருக்குத் தெரியப்போகிறது என்றுகூட அப்போது நினைக்கவில்லை. நினைத்திருந்தால் ஒருவேளை கை நின்றிருக்கும்.

டீ இடைவேளையில் உலைக் கொட்டகைக்குப் போனேன். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து, செல்போனில் பேத்தியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு துண்டையும் அவர் பக்கத்தில் வைத்தேன்.

"அண்ணா, அன்னிக்குக் கடைசித் தட்டு எவ்வளவு நேரம் உள்ள இருந்துச்சு?"

என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. உடைந்த முனையைக் கட்டைவிரலால் தடவினார். அவருக்கு நான் ஒன்றும் விளக்கத் தேவையில்லை.

"அரை மணி இருக்கும்" என்றார். "யாருக்கு அடி?"

கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். படித்து முடித்ததும் அவர் முகம் சட்டென்று வயதேறி எங்கள் அப்பா முகம் மாதிரி ஆகிவிட்டது.

"நான் போய்ச் சொல்லிக்கிறேன். நீ வாயைத் திறக்காதே. எனக்கு இன்னும் ரெண்டு வருஷ சர்வீஸ்தான். உனக்கு அப்படியில்ல."

"கையெழுத்து என்னுதுண்ணா" என்றேன்.

அவர் எழுந்தார். நானும் கூடவே நடந்தேன். அவர் என்னைத் தடுக்கவில்லை.

எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் சைலன்ஸர். எவ்வளவு கோபம் வந்தாலும் குரல் வெளியே வராது, உள்ளுக்குள்ளேயே உறுமும். நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லி முடிக்கும்வரை உறுமிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டது ஒரே கேள்வி. அந்தத் தட்டில் இருந்த அறுபதும் இப்போது எங்கே? எந்தத் தட்டு எந்தப் பெட்டியில் போனது என்று தெரியாததால் லாட்டு மொத்தத்தையும் திரும்ப அழைக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு ஸ்பேனர்தானே, எவனோ அதன் கைப்பிடியில் பைப்பைச் செருகி முறுக்கியிருப்பான் என்று எழுதிப் போட்டிருக்கலாம். அப்படி எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் போனை என் பக்கம் தள்ளினார்.

மூன்று வாரம் நான் போனில் தொங்கினேன். கடைக்காரர்கள் வழியாகக் கேட்டு, வாங்கியவர்களின் நம்பரைத் தேடி, ஒவ்வொருவரிடமும் அதே கதை. படகு இன்ஜின் பார்க்கும் ஒருவர், நன்றாகத்தானே இருக்கிறது, தர மாட்டேன் என்று அடம்பிடித்தார். அவருக்கு மட்டும் ஏழு தடவை போன் செய்தேன். எட்டாவது முறை அவரே கூப்பிட்டு, உன் தொல்லை தாங்கவில்லை, நாளைக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார். இருநூற்று நாற்பதில் இருநூற்றுப் பதினெட்டு வந்து சேர்ந்தன. மற்றதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அண்ணனை உலையிலிருந்து எடுத்து வெட்டும் கொட்டகைக்கு மாற்றினார்கள். எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை, இனி கையெழுத்துக்குப் பக்கத்தில் இன்னொருவர் கையெழுத்து. அண்ணன் ஒரே ஒரு காரியம் கேட்டார், திரும்பி வந்ததற்கு அவரே பதம் போட வேண்டும் என்று. சைலன்ஸர் உறுமிவிட்டுச் சரி என்றார். எஃகில் அது ஒரு நல்ல குணம். பதம் குறைந்துபோனதை மறுபடி உலையில் வைத்துச் சரிசெய்யலாம், உடையாமல் இருந்தால். இரண்டு மணி நேரமும் அண்ணன் உலைக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போனது. வெளியே வந்த இருநூற்றுப் பதினெட்டையும் ஒன்று விடாமல் ஊசி முனையில் வைத்தேன். அத்தனையும் தேறின. உடைந்த இரண்டு துண்டையும் உருக்கப் போகும் குப்பையில் போட்டோம். அது இன்னொரு கம்பியாகத் திரும்பி வரும்.

கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து நான்கு காகிதத்தைக் கிழித்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனும் நானும் பஸ் ஏறினோம்.

கடை ஒரு தகரக் கொட்டகை. மெக்கானிக் ஓர் ஆண் என்றே நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண், முழங்கைவரை கிரீஸோடு, இடது கையால் ஒரு பைக்கின் செயினை மாட்டிக்கொண்டிருந்தாள். வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் விறைத்து நின்றன. கட்டு அவிழ்த்திருந்தார்கள், விரல்கள் மடங்கவில்லை. நாங்கள் யார் என்று சொன்னதும் செயினை விட்டுவிட்டுக் கையைத் துணியில் துடைத்தாள். உட்காரச் சொல்லவில்லை.

அண்ணன்தான் பேசினார். சுற்றி வளைக்கவில்லை. "பேத்தி பொறக்கப்போறான்னு போன் வந்துச்சும்மா. ரெண்டு மணி நேரம் இருக்க வேண்டியதை அரை மணியில எடுத்துட்டுப் போயிட்டேன். அதனாலதான் உடைஞ்சுது."

"சோதிச்சுப் பார்க்க வேண்டியவ நான். பார்க்கல" என்றேன்.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"குழந்தை எப்படி இருக்கு?"

"பிடிச்சுக்கிட்டு நிக்கிறா" என்றார் அண்ணன்.

"சரி" என்றாள். "கோபம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். இந்த விரலு மடங்குற அன்னிக்குத்தான் அது போகும். டாக்டர் மடங்கும்னு சொல்றாரு, தினம் பயிற்சி பண்றேன். நான் தப்பா முறுக்கிட்டேனோன்னுதான் ராத்திரியெல்லாம் யோசிச்சுக்கிட்டிருந்தேன். பதினஞ்சு வருஷமா பண்ற வேலை, கையே மறந்துபோச்சோன்னு பயந்துட்டேன். இப்ப அது தீர்ந்துச்சு."

பையிலிருந்து, மறுபதம் போட்டதில் ஒன்றை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. சுவரோரம் நின்றிருந்த ஒரு சரக்கு வண்டியைக் கண்ணால் காட்டினாள். அடியில் துருவேறிய ஒரு நட்டு, மூன்று நாளாக அசைய மறுக்கிறதாம்.

"நீங்களே போட்டுப் பாருங்கக்கா."

எத்தனை லட்சம் ஸ்பேனர் என் கை வழியாகப் போயிருக்கும். ஒன்றைக்கூட நான் ஒரு நட்டில் மாட்டித் திருப்பியதில்லை என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. மண்டியிட்டு உட்கார்ந்து மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. தள்ளப் போனேன். தள்ளாதீங்க, உங்க பக்கம் இழுங்க, தப்பினாலும் கை எதிலயும் மோதாது என்றாள். இழுத்தேன். அசையவில்லை. இந்த நொடி பட்டென்று போனால் என்னும் நினைப்பு தோளைப் பிடித்து இழுத்தது. பின்னால் அண்ணனின் மூச்சுச் சத்தம் நின்றுபோனது. பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பின் பாரத்தையெல்லாம் கைக்குக் கொண்டுவந்து, மறுபடி இழுத்தேன்.

கிறீச்சென்று ஒரு சத்தம். துருப் பொடி உதிர்ந்தது. ஸ்பேனர் கால் வட்டம் வந்திருந்தது.

"நிறுத்தாதீங்க" என்றாள்.

திருப்பத் திருப்ப நட்டு லேசாகி, கடைசிச் சுற்றுக்கு ஸ்பேனரும் தேவைப்படாமல் விரலோடு சுழன்று வந்தது. அவள் என் பக்கத்தில் குந்தி, மடங்காத அந்த இரண்டு விரலும் விரிந்தபடியே இருக்க, வலது உள்ளங்கையை விழப்போகும் நட்டுக்கு நேர் கீழே ஏந்திப் பிடித்தாள்.