முதல் வகுப்பு மீசைக்காரர்கள்

மலாயாவில், சுங்கை லாலாங்கிலிருந்து நாலு கல் உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்தில், பள்ளிக்கூடம் என்று பெயர் வைக்கப்பட்ட பழைய ஒட்டுப்பால் கொட்டகையில், 1943 ஜூலை பதினேழாம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடியவர்கள் பின்வருமாறு. கைவைத்த ஒரே நாற்காலியில், தோட்ட ஆபீஸின் பெரிய கிராணியும் பள்ளிக் கமிட்டித் தலைவருமான பரஞ்சோதி. வெள்ளைக்காரத் துரை ஜப்பான்காரனுக்குப் பயந்து ஓடும்போது விட்டுப்போன நாற்காலி அது. துரையின் அதிகாரத்தையும் அதன் இடுக்கிலேயே கண்டெடுத்தவர் போல உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்புறம், இரண்டு மண்ணெண்ணெய்த் தகரத்தின்மேல் பலகை போட்டு, பள்ளிக் கமிட்டிக் காரியதரிசி சின்னையா. வாசலில், கவிழ்த்த பால்வாளியின்மேல், கங்காணி முனியாண்டி, பாதித் தூக்கத்தில். தரையில், கோணிச்சாக்கில், முதல் வகுப்பு மாணவர்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் மீசை. அவர்களுக்குப் பின்னால் அதே வகுப்பு மாணவி ராக்காயி. ஆறில் ஒருவனான அழகேசனின் மனைவி, ஏழு மாதக் கர்ப்பிணி. ஆசிரியை நவமணி உட்காரவில்லை. அவள் என்றைக்குமே ஓரிடத்தில் உட்கார்ந்து பாடம் நடத்தியவள் அல்ல என்பது சின்னையா எழுதிய இரண்டாவது புகார்க் கடிதத்தின் மூன்றாம் பத்தி.

புகார்கள் மொத்தம் மூன்று. பீடோங் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை வரிசையாகவும் அடிபட்டும் படித்தவர் சின்னையா. எண் போடாமல் ஒரு கடிதமும் எழுதமாட்டார். அவருக்கு இந்தக் கொட்டகையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. மணி கிடையாது. வகுப்பு கிடையாது. ஒன்று தெரிந்தவன் அது தெரியாதவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். அதற்குப் பெயர் பாடம். எழுத்து அட்டையைக் கரையான் தின்றபின், அந்த அம்மாள் மீன் டின்னிலும் அரிசிச் சாக்கிலும் ஆபீஸ் சுவர் அறிவிப்பிலும் இருந்ததைக் காட்டி எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். கண்ணில் பட்டது ‘ம’ என்றால் முதல் எழுத்து ‘ம’. பிள்ளைகள் பாதி நேரம் வெளியே எறும்புப் புற்றைச் சுற்றி நின்றார்கள், அதுவும் பாடமாம். மாட்டுக்கொட்டகையில்கூட மாடுகளை வரிசையாகத்தான் கட்டுகிறார்கள் என்று முதல் புகாரிலேயே எழுதியிருந்தார்.

மீசைக்காரர்கள் வந்து சேர்ந்த கதை வேறு. பள்ளிப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களைச் சயாமில் ஜப்பான்காரன் போடும் ரயில் சடக்கு வேலைக்கு எடுக்கக்கூடாது என்று பட்டணத்து அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வயது என்ன என்று எழுத மறந்துவிட்டார்கள். மறுவாரமே அந்த ஆறு பேரும் வந்து பெயர் கொடுத்தார்கள். வயது கேட்காமல் நவமணி எழுதிக்கொண்டாள். உயிருக்குப் பயந்து வந்தவர்கள்தான். ஆனால் வந்தவர்கள் சும்மா இராமல் படித்துத் தொலைத்தார்கள். அதுதான் வினையாயிற்று. இப்போது அலுவலகம் கேட்டிருந்தது: பெரியவர்களில் படிப்பு முடித்தவர் யார், முடிக்காதவர் யார்? காரியதரிசி சோதித்து, ஆசிரியையும் கையெழுத்திட்டு, இன்றைக்கே எழுதி அனுப்ப வேண்டும். முடித்தவர்கள் திங்கட்கிழமை லாரியில்.

பரஞ்சோதி இந்த மாதம் பதினொரு பேரைக் கொடுக்க வேண்டும். ஐந்து பேரைப் பிடித்துவிட்டார். மீதி ஆறு.

“சோதனையெல்லாம் எதுக்குண்ணே?” என்றார் அவர், சின்னையாவின் பக்கம் சாய்ந்து. “டீச்சரம்மா நடத்துறது நல்ல முறை. ஒண்ணாம் வகுப்பு, ரெண்டாம் வகுப்புன்னு வேலி கிடையாது. வாசிக்க வந்துட்டா முடிஞ்சுது. இந்த அழகேசன் போன வாரம் ஆபீஸ் நோட்டீஸைப் படிச்சு லயத்து வீட்டுக்காரங்களுக்கெல்லாம் வெளக்கம் சொன்னான். எழுதுங்க, ஆறு பேரும் முடிச்சாச்சுன்னு.”

போன மாதம் வரை இதே வாய் இந்தப் பள்ளியைக் கோழிச்சந்தை என்றது. சின்னையாவுக்கு அந்தப் புகழ்ச்சியைக் கேட்கக் கேட்க, நவமணியின்மேல் இருந்த வெறுப்பில் ஒரு பங்கு கிராணிக்கு மாறியது. மொத்த வெறுப்பு குறைந்துவிடவில்லை, பெருகியது.

“சோதிக்காம முடிஞ்சுதுன்னு எழுத நான் என்ன ஜோசியக்காரனா?” என்றார். பழைய பள்ளிச் சட்டப் புத்தகத்தைப் பலகைமேல் வைத்தார். “வாசிப்பு, எழுத்து வரிசை, வாய்ப்பாடு, எழுதுதல். நாலும் தேறினாத்தான் வகுப்பு முடிஞ்சுது. அழகேசன், எந்திரி.”

அழகேசன் எழுந்தான். இருபத்துநாலு வயது, மரம் சீவியவனின் கை. பெட்டி ஒன்றிலிருந்து உரித்தெடுத்த பழைய செய்தித்தாளைச் சின்னையா நீட்டினார். இவன் திக்கித் திணறுவான், இந்த அம்மாளின் வண்டவாளம் அரங்கேறும் என்றுதான் அவர் நினைத்தார். அவன் திணறவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, நெல் விலை பற்றிய அந்தச் செய்தியை யாருக்கோ நியாயம் கேட்பவன் போல வாசித்தான். பெண்டாங் என்று வந்ததும், “அங்கதான் எங்க மாமன் இருக்காரு” என்று நடுவில் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டான்.

“பார்த்தீங்களா,” என்றார் பரஞ்சோதி. “முடிச்சாச்சு. ஒருத்தன் முடிச்சா ஆறு பேரும் முடிச்ச மாதிரிதான். திங்கக்கெழமை லாரி ஏத்திரலாம்.”

ராக்காயி புருஷனின் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். நவமணியின் கை கதவு நிலையைப் பிடித்தது.

சயாமுக்குப் போனவர்களின் வீட்டாருக்காகச் சின்னையா முப்பத்தொரு கடிதம் எழுதியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் எண். பதில் வந்த தேதியைக் குறிக்க நோட்டில் தனியாக ஒரு கட்டம் கோடு போட்டு வைத்திருந்தார். முப்பத்தொன்றும் வெள்ளையாகவே கிடந்தன. ஒரு கடிதத்துக்குக்கூடப் பதில் போடாத சர்க்காரை அவர் சர்க்கார் என்றே மதிக்கவில்லை. அதற்கு ஆள் பிடித்துக் கொடுப்பவனை என்னவென்று மதிப்பது?

“வாசிப்பு நாலுல ஒண்ணு,” என்றார். “இன்னும் மூணு கெடக்கு. எழுத்தை ‘அ’ன்னாவிலேருந்து வரிசையா ஒப்பி.”

அழகேசன் ஐந்து எழுத்துப் போனான். ஆறாவதில் வேறெங்கோ தாவினான்.

“பூஜ்யம். தென்னமரத்தைக் கட்டிவெச்சுப் பாடம் நடத்தியிருந்தாலும் இதுக்குள்ள ஒப்பிச்சிருக்கும்.”

அழகேசனுக்கு முகம் கறுத்தது. “வரிசை எதுக்குங்க? எந்த எழுத்தை வேணும்னாலும் காட்டுங்க, சொல்றேன். கணக்குக் கேளுங்க.”

“ஏய்யா,” என்றாள் ராக்காயி, பல்லைக் கடித்துக்கொண்டு. “பெயிலாப் போறதுக்குக்கூட ஒனக்குத் துப்பில்லையா?”

வாசலில் முனியாண்டி கண்ணைத் திறக்காமலே சிரித்தான்.

“பதினாறாம் வாய்ப்பாடு,” என்றார் சின்னையா. “பதினாறேழு?”

அவமானம் பட்டவன் அடங்குவானா? அழகேசன் கூரையைப் பார்த்தான். “பத்தேழு எழுவது. ஆறேழு நாப்பத்தி ரெண்டு. நூத்திப் பன்னெண்டு.”

பரஞ்சோதி மட்டும் மலர்ந்தார். “சரியாச் சொன்னான்லா.”

“ஒப்பிக்கச் சொன்னா கூட்டிக்கிட்டு நிக்கிறான். பூஜ்யம்.”

“விடை சரிதானேண்ணே?”

“விடை சரி. வழி தப்பு. வாய்ப்பாடுங்கிறது வாயில இருக்கணும். மண்டையைப் போட்டுக் கொடையறவனுக்கு மார்க் கெடையாது. புத்தகத்துல இருக்கு, வேணும்னா பாருங்க.”

எழுதுதலில் பூஜ்யம் போடக் கஷ்டமே இல்லை. அழகேசன் சிலேட்டில் எழுதிய வரி, மழையில் நனைந்த எறும்புகள் போல ஓர் ஓரமாய் ஏறிப் போனது. மற்ற ஐந்து பேரும் ராக்காயி சொன்னதைப் புரிந்துகொண்டவர்கள். அவர்கள் வாசிப்பிலேயே மிகச் சிறப்பாகத் தோற்றார்கள். ஒருவன் செய்தித்தாளைத் தலைகீழாகவே பிடித்தான். அவனைச் சின்னையா முறைத்தார். கூத்தாட இது மேடையல்ல.

“நான் ஒத்துக்க மாட்டேன்,” என்றார் பரஞ்சோதி, நாற்காலியின் கையைத் தட்டி. “முடிச்சாங்கன்னுதான் எழுதணும். ஆறு பேருக்கு நான் எங்க போவேன்?”

“ஒங்க ஆபீஸ்ல ரெண்டு மச்சானுங்க நாளெல்லாம் பென்சில் சீவிக்கிட்டு இருக்காங்களே, அவங்க படிப்பு முடிஞ்சுதா?” சின்னையா குரலை உயர்த்தவில்லை. “கிராணியாரே, முடிச்சாங்கன்னு எழுதிரலாம். லாரியில ஏத்துற எடத்துல ஜப்பான்காரன் ஒருத்தன் தாளைப் பார்த்துட்டு, வரிசையா ஒப்பிச்சுக் காட்டுடான்னு சொல்லுவான். இவனுங்க முழிப்பானுங்க. பொய் எழுதுனது யாருன்னு கேப்பான். அறை எனக்கு ஒண்ணு விழும். தலைவர்ங்கிற முறையில ஒங்களுக்கு எத்தனைன்னு நீங்களே சொல்லுங்க.”

பரஞ்சோதியின் கை அவரையறியாமல் இடது கன்னத்துக்குப் போனது. போன மாதம், குனிந்து வணங்கியது போதவில்லை என்று, பட்டணத்தில் அந்தக் கன்னம் ஜப்பான்காரன் கையைப் பார்த்திருந்தது. அவர் எழுந்து, யாரையும் பார்க்காமல், நடந்துவிட்டார்.

சின்னையா கடிதம் எழுதினார். அவர் நம்பாத ஒரு வரிகூட அதில் இல்லை. “மேற்படி அறுவரும் தேறவில்லை. தேறும் அறிகுறியும் இல்லை. எழுத்து வரிசை அறியார், வாய்ப்பாடு அறியார். இக்கொட்டகையில் நடைபெறுவதைக் கல்வி என்று கூற இயலாது. ஆசிரியைக்கு ஒழுங்கு என்பதே கிடையாது. எனவே அறுவரும் குறைந்தது மூன்று ஆண்டுகள், ஒரு நாளும் தவறாமல், முதல் வகுப்பிலேயே வைக்கப்பட வேண்டியவர்கள் ஆவர்.”

வாசித்துக் காட்டிவிட்டுப் பேனாவை நீட்டினார். நவமணி முழுவதையும் தானே இன்னொரு முறை படித்தாள். தன்னைப் பற்றிய வரியில் அவள் விரல் நின்றது.

“கல்வியே இல்லாத எடத்துல மூணு வருஷம் எதுக்குன்னு கேட்டா?”

“கேக்க மாட்டான். மூணுன்னு எண் போட்டிருக்கு. எண்ணைப் பார்த்தா ஆபீஸ்காரன் மேல படிக்கமாட்டான்.”

அவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பித் தராமல், “சார், ஒண்ணு கேக்கணும். அவன் வாசிச்சது நல்லா இருந்துச்சா, இல்லையா?” என்றாள்.

சின்னையா பலகைமேல் இருந்த புத்தகத்தை மூடினார். “அதுக்குத்தான் தனி மார்க். நாப்பதுக்கு நாப்பது போட்டேன். ஆனா அந்தத் தாளை இதோட அனுப்பலை.” பிறகு, அவள் முகம் மாறுவதைப் பொறுக்கமாட்டாமல், “பல்லைக் காட்டாதீங்க. திங்கக்கெழமையிலேருந்து அந்தப் பசங்களை வரிசையா உக்கார வைங்க. நாலாவது புகார் எழுத வெச்சிராதீங்க” என்றார்.

கொட்டகைக்கு வெளியே நின்ற ரப்பர் மரத்தை அழகேசனே கத்தியால் லேசாகக் கீறிவிட்டான். வந்த பாலை விரலில் தொட்டுச் சின்னையா உறையின் வாயில் தடவி, ஒட்டும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். மேல்மூலையில் எண் இருநூற்று ஏழு என்று எழுதினார். முனியாண்டியை உசுப்பி எழுப்பிக் கையில் கொடுத்தார். டயருக்குப் பதில் கயிறு சுற்றிய சைக்கிளில் ஏறி, கடிதத்தைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு, முனியாண்டி பட்டணத்துச் சடக்கில் தடதடவென்று போனான்.