நெஞ்சுவலி நாடகம்

தாளில் இருபது கேள்விகள் இருந்தன. இரவில் நன்றாகத் தூங்குகிறீர்களா? ஆம். காரணமில்லாமல் கோபம் வருகிறதா? இல்லை. வீட்டாரோடு மனம்விட்டுப் பேசுகிறீர்களா? ஆம். உடம்பில் தொடர்ந்து வலி ஏதும் உண்டா? அந்த இடத்தில் மட்டும் சிவசைலத்தின் பேனா கொஞ்சம் நின்றது. நாலு நாளாக நெஞ்சில் இடதுபக்கம் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. தோள் வரைக்கும் ஏறியது. அதற்கும் 'இல்லை' என்று டிக் போட்டார்.

பக்கத்து நாற்காலிக்காரர் பிரின்ஸ் அதை எட்டிப் பார்த்து அப்படியே தன் தாளிலும் போட்டுக்கொண்டார். ரெண்டு பேரும் ஒரே வருஷம் சிறைத்துறையில் சேர்ந்தவர்கள். இப்போது ஆளுக்கொரு கிளைச் சிறைக்குக் கண்காணிப்பாளர்கள்.

"வே, பத்தாவதுக்கு என்ன போட்டீரு?"

"பத்தாவதுல என்ன கேட்டிருக்கு?"

"வேலைய விட்டுட்டு ஓடிரணும்னு தோணுதான்னு கேக்கான்."

"இல்லைன்னு போடும்."

"தோணுதே!"

"தோணுனாலும் இல்லைன்னு போடும்வே. மேல போவுத தாளு."

குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் அந்த முகாம் நடந்தது. சிறை அதிகாரிகளின் உடல்நலமும் மனநலமும் என்று பேனர் கட்டியிருந்தார்கள். பேச வந்திருந்த மனநல ஆலோசகர் சுஜிதா தாள்களை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இருபத்து மூணு பேர். இருபத்து மூணு பேரும் எட்டு மணி நேரம் தூங்குறீங்க. யாருக்கும் கோபமே வரல. இப்படி ஒரு துறை உலகத்துல வேற எங்கயும் இல்ல சார்."

ஹாலே சிரித்தது. சிவசைலமும் சிரித்தார். சிரிக்கும்போது அந்தக் கட்டைவிரல் இன்னும் ஆழமாக அழுத்தியது.

அவருக்கு வலி தெரியாமல் இல்லை. வலியை நம்பத்தான் தெரியவில்லை. அவருடைய அப்பா செங்கோட்டை மரக்கடைகளில் சுமடு தூக்கியவர். முதுகு வலிக்கிறது என்று அந்த வீட்டில் ஒரு நாளும் ஒருத்தரும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த லாரிக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தோடு வேலைக்கு வந்த மனுஷனுக்கு, சிறை இன்னொன்றையும் பழக்கியது. இருபத்தாறு வருஷத்தில் எத்தனை நெஞ்சுவலி கேட்டிருப்பார்! சனிக்கிழமை நெஞ்சுவலி, தீபாவளி நெஞ்சுவலி, ஜாமீன் கிடைக்காத அன்றைக்கு வருகிற நெஞ்சுவலி. கைதி ஒருத்தன் கம்பியைப் பிடித்துக்கொண்டு "சார், நெஞ்சு, நெஞ்சு" என்று சரிவான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் ஒன்றும் இருக்காது. வெளிக்காற்றுக்கு ஆசைப்பட்டு நடித்திருப்பான். 'நாடகம்' என்றுதான் காவலர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். 'என்னல சத்தம்?' 'நாடகம் சார்.'

ஆக, தன் நெஞ்சே தன்னிடம் மனுப்போட்டு நின்றபோதும் அவர் அதே முகத்தோடு அதைப் பார்த்தார். முப்பத்தைந்து பேருக்கான இடத்தில் அறுபத்திரண்டு பேரை வைத்திருக்கிறது. பாதிக் காவலர் பணியிடம் காலி. சாயங்காலம் ஆறு மணிக்கு லாக்கப் போடும்போது தலை எண்ண அவரே நிற்க வேண்டும். இந்தச் சிறைக்கு வந்த மூணு வருஷமாக ஒரு நாள்கூட அந்தக் கணக்கை இன்னொருத்தரிடம் விட்டதில்லை. இதில் உனக்கு வலியா? போ அங்கிட்டு.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இடைவேளை விட்டார்கள். சிவசைலத்துக்குச் சோறு இறங்கவில்லை. வாயு என்று நினைத்தார். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் தோள் இளகும், மூணு மணிக்குக் கிளம்பி லாக்கப்புக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு, துண்டை எடுத்துக்கொண்டு சாரலில் இறங்கினார். பிரின்சும் கூட வந்தார்.

அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்க்கிறவர்கள் வரிசையாகக் கல்லுகளைப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். சீசன் கூட்டம். முதுகுகளில் டப்டப்பென்று அடிக்கிற சத்தம் அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நாற்பது வயதுக்காரன் ஒருத்தன், "வாங்க அண்ணாச்சி" என்று கையைத் துடைத்தான். சிவசைலம் உட்கார்ந்தார். அவன் உச்சியில் எண்ணெய் வைத்து, கழுத்துக்கு இறங்கி, தோளைப் பிடித்தான். இடது தோளில் அவன் கை நின்றது. அழுத்தினான். விட்டான். மறுபடி அழுத்தினான்.

"அமுக்குனா வலிக்கா?"

"இல்ல."

"அமுக்காம?"

"அது கெடக்கு. நீ தேய்."

அவன் முன்பக்கம் வந்து முகத்தைப் பார்த்தான். இவ்வளவு குளிரில் நெற்றி முழுக்க வேர்த்திருந்தது. புறங்கையால் தொட்டான்.

"எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"என்னது?"

"இந்த ஒடம்ப நான் அருவிக்கு விட மாட்டேன். சதைப் பிடிப்புன்னா அமுக்குன எடத்துல வலிக்கும். ஒங்களுக்கு உள்ள வலிக்கி."

"ஏலே, வாயுடா."

"வாயு இல்ல சார். நெஞ்சு."

அண்ணாச்சி எப்போது சாராக மாறியது என்று சிவசைலம் நிமிர்ந்து பார்த்தார். சட்டையில்லாத தன்னை இவனுக்கு எப்படித் தெரியும்? அவன் எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"பூலுடையான் சார். எலத்தூர். எட்டு வருசம் முந்தி அடிதடி கேசுல ஒங்ககிட்ட இருந்தேன். ரெண்டாம் நம்பர் ரூம்பு. நெஞ்சுவலின்னு உருண்டேன், ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கேட் வாசலில் வைத்து எல்லார் முன்னாலும் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டு, அந்த வாரம் அவன் வீட்டார் யாரையும் மனுப்போட்டு அவனைப் பார்க்க விடக் கூடாது என்று உத்தரவு போட்டவர் இவர்தான்.

பிரின்ஸ் துண்டை உதறிக்கொண்டு முன்னால் வந்தார். "ஓஹோ, பழைய கணக்கா? எங்க ஆளையே பயங்காட்டுதியால நீ?"

பூலுடையான் அவர் பக்கமே திரும்பவில்லை.

"நான் நடிச்சவன் சார். நடிக்கவன் நெஞ்சுல கைய வச்சிக்கிட்டு ஊரக் கூட்டுவான். நெசமா வலிக்கவன் ஒங்கள மாதிரி ஒண்ணுமில்லம்பான். எங்கப்பன் இதே கல்லுல ஒக்காந்து ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு அருவிக்குப் போனவரு. தூக்கிட்டுத்தான் வந்தாவ."

"ஆறு மணிக்கு லாக்கப் இருக்குடா" என்றார் சிவசைலம். குரல் தனக்கே கேட்காத மாதிரி வந்தது.

"லாக்கப் இருக்கும் சார். நீங்க இருக்கணும்லா."

எழுந்திருக்கப் பார்த்தார். கல் நகர்ந்த மாதிரி இருந்தது. பூலுடையான் அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தாங்கினான். அப்புறம் பிரின்ஸ் கேலி பேசவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி ஆட்டோவை நிறுத்தினார். உச்சந்தலையில் எண்ணெயும் இடுப்பில் ஈரத் துண்டுமாக, ஒரு கிளைச் சிறையின் கண்காணிப்பாளர் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போய் இறங்கினார். வழி நெடுக பூலுடையான் அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தான்.

இ.சி.ஜி. தாளைப் பார்த்த டாக்டர் உடனே ஊசிக்கு ஆளைக் கூப்பிட்டார். மாரடைப்பு. முதலில் அடைப்பைக் கரைக்க மருந்து ஏற்றினார்கள். மறுநாள் திருநெல்வேலியில் ரத்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். "அருவியிலயா நிக்கப் போனீங்க?" என்று டாக்டர் கேட்டார். சிவசைலம் தலையாட்டினார். டாக்டர் தாளில் குறித்துக்கொண்டார்.

ஆறு மணி நெருங்க நெருங்க சிவசைலத்தின் கண் சுவர்க் கடிகாரத்திலேயே இருந்தது. ஆறு பத்துக்கு பிரின்ஸ் போனை அவர் காதில் வைத்தார். உதவி சிறை அலுவலர் ஜோதிலட்சுமி பேசினாள்.

"சார், அறுபத்தி ரெண்டு. கணக்கு சரி. பூட்டியாச்சு."

"குளியல் தொட்டிப் பக்கம் பாத்தியாம்மா?"

"பாத்தாச்சு சார். நாலு பேரு ஒங்களுக்கு என்னாச்சுன்னு கேட்டாங்க. வாயுன்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க படுங்க சார்."

மூணு வருஷமாகத் தன் தலைமேல் தூக்கி வைத்திருந்ததை, அந்தப் பெண் பத்து நிமிஷத்தில் இறக்கி வைத்துவிட்டாள். சுருக்கென்றது. அடுத்த நிமிஷமே கண் சொருகியது. எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் விடிய விடியத் தூங்கினார்.

டிசம்பரில் அதே லாட்ஜில் இரண்டாவது முகாம் போட்டார்கள். சிவசைலம் மனைவி கோமதியையும் கூட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் முந்தியே வந்தார். அருவிப் பாதை முழுக்க கறுப்பு வேட்டி ஐயப்ப பக்தர்கள். பூலுடையான் அதே கல்லில் இருந்தான். கோமதி கொண்டுவந்த பழப் பையை அவன் மடியில் வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய்க் கை. விடவில்லை. கண் நிறைந்து வழிந்தது.

"அழாதீய மதினி. சார் மொகம் இப்பத்தான் மனுச மொகமா இருக்கு."

சிவசைலம் கல்லில் உட்கார்ந்தார். "பாதத்துல மட்டும் தேய்டா. அருவிக்கு டாக்டர் இன்னும் உத்தரவு குடுக்கல."

பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். எண்ணெய் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தான்.

"அன்னைக்கு எதுக்குல நடிச்சே?"

"ஆஸ்பத்திரி சன்னல்ல மலை தெரியும் சார். மூணு மாசமா சுவரத்தான் பாத்தேன்."

"அந்த வாரம் மனு பாக்க ஒன்னைத் தேடி யாரு வந்தா?"

"எம் பொண்டாட்டி. கைப்பிள்ளையோட. வாசல்ல நின்னு பாத்துட்டுப் போயிட்டா."

"நான் விட்டிருக்கணும்."

"விட்டிருக்கணும்தான்" என்றான் பூலுடையான். முகத்தில் கோபம் இல்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பாதத்தில் கட்டைவிரலை அழுத்தி உருவினான். சிவசைலத்துக்குக் கண் கரித்தது. குனிந்து அவன் தலையில் கை வைத்தார். "நல்லா இருடா. ஒன்னால இருக்கேன்" என்றார். அதைச் சொல்லத்தான் வந்திருந்தார். அதற்கே மூச்சு வாங்கியது.

ஹாலில் சுஜிதா மறுபடி அதே இருபது கேள்விகளைக் கொடுத்தார். நன்றாகத் தூங்குகிறீர்களா? சிவசைலம் யோசித்து, 'சில நாள்' என்று கையால் எழுதினார். உடம்பில் வலி உண்டா? ஆம். வேலையை விட்டு ஓடத் தோன்றுகிறதா? ஆம். ஓரத்தில் சின்னதாக, 'லாக்கப் பொறுப்பை மாற்றி மாற்றிப் பார்க்க இன்னொரு அலுவலர் வேண்டும்' என்றும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

பக்கத்து நாற்காலியில் இருந்து பிரின்சின் கழுத்து நீண்டது.

"என்னவே இது, எல்லாத்தையும் தலைகீழாப் போட்டு வச்சிருக்கீரு? மேல போவுத தாளுன்னு நீருதானே சொன்னீரு?"

"போவட்டும். பாத்துத்தானே எழுதுவீரு, பாத்து எழுதும்."

பிரின்ஸ் தன் தாளைப் பார்த்தார். பிறகு பேனா மூடியைக் கழற்றி, முதல் கேள்விக்குப் போட்டிருந்த 'ஆம்' டிக்கை அடித்து 'இல்லை' என்று மாற்றினார். கழுத்தை நீட்டாமல் அடுத்த கேள்வியைப் படிக்க ஆரம்பித்தார்.