சிவப்பு நூல் கட்டிய கார்க்

மதியம் ஒன்றே கால் மணிக்கு மருந்து அலமாரியைப் பூட்டப் போனபோதுதான் இக்னேஷியஸின் கண்ணில் அந்த ஜாடி பட்டது. காலையில் கழுத்து வரை நின்ற மருந்து ஒரு கை அகலம் கீழே இறங்கியிருந்தது. அப்படி இறங்கக் கூடாத ஜாடி அது.

பாண்டி பஜாருக்குப் பின்தெருவில், டாக்டர் சண்முகவேலின் கிளினிக்கில் அவர் இருபத்திரண்டு வருஷமாகக் கம்பவுண்டர். வருகிறவர்கள் வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுவருவார்கள். ஜாடியிலிருந்து ஓர் அவுன்ஸ் கெட்டி மருந்தை அதில் விட்டு, எட்டு அவுன்ஸ் வரை தண்ணீரால் நிரப்பி, வேளைக்கு ஒரு வெட்டு வைத்த காகிதப் பட்டையைப் பக்கவாட்டில் ஒட்டிக் கொடுப்பார். அந்த எழுபத்தைந்தாம் வருஷக் கோடையில் கிளினிக் குழாயில் விடியற்காலை ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு வந்து, கக்குவான் இருமலுக்கான, அளவு மீறினால் விஷமாகிவிடும் பெல்லடோனா மருந்தை முதல் தடவையாக முன்கூட்டியே தண்ணீர் கலந்து இன்னொரு ஜாடியில் வைத்திருந்தார். இரண்டும் ஒரே அச்சு ஜாடிகள். கலந்த மருந்து பாதி ஜாடிதான் இருந்தது. கெட்டி மருந்தின் கார்க்கில் மட்டும் சிவப்பு நூல்.

இன்று காலை இரண்டு கார்க்கையும் கழுவித் திரும்பப் போட்டதும் அவர்தான். மாற்றிப் போட்டதும் அவரேதான். ஜாடிக்கு வைக்க வேண்டிய அடையாளத்தைக் கார்க்குக்கு வைத்துவிட்டு, அதைத் தன் கெட்டிக்காரத்தனம் என்று ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பெருமைப்பட்டுக்கொண்டிருந்த மனுஷன்!

காலையிலிருந்து பெல்லடோனா ஒரே ஒரு பாட்டில்தான் போயிருந்தது. சீட்டில் 'அஞ்சலை, வயது 3' என்று இருந்தது. எட்டு மடங்கு. உள்ளறைக்கு ஓடினார்.

டாக்டர் அங்கே தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொன்னதும் கை பாதியில் நின்றது.

"எத்தனை பேருக்குப் போச்சு?"

"ஒருத்தருக்குத்தான் டாக்டர். மூணு வயசுக் குழந்தை."

"புதுசா ஒரு பாட்டில் கலந்து எடுத்துட்டுப் போங்க. டாக்டர் மருந்தை மாத்தியிருக்கார்னு சொல்லிப் பழசை வாங்கிடுங்க. வாங்கின இடத்துலயே சாக்கடையில ஊத்திடுங்க."

"குடிச்சிருந்தா?"

"குடிச்சிருந்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க, அவங்க பார்த்துப்பாங்க. நம்ம பேரை எதுக்கு இழுக்கணும்?" குரல் தாழ்ந்தது. "உங்ககிட்ட சர்டிபிகேட் கிடையாது இக்னேஷியஸ். உங்களை வெச்சு மருந்து கலக்குறது நான். ரெண்டு பேருமே தெருவுல நிப்போம்."

அது மிரட்டல் மட்டும் இல்லை. டாக்டருக்கும் உதடு உலர்ந்திருந்தது.

புது பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிய பிறகுதான், எங்கே போவது என்பது உறைத்தது. சீட்டில் விலாசம் இல்லை. முகமும் நினைவில் இல்லை. ஜன்னல் வழியாகக் கை வரும், பாட்டில் வரும், அவர் பார்ப்பது பாட்டிலைத்தான். அந்த பாட்டில் ஞாபகம் இருந்தது. சதுரமான தலைமயிர் எண்ணெய்ப் பாட்டில், விளிம்பில் ஒரு சில்லு போயிருந்தது. வாயை அடைக்கக் கார்க் இல்லாமல் துணி விளிம்பைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். அந்தத் துணியில் தங்க எழுத்தில் 'பொன்ராஜ்' என்று இருந்தது.

ரங்கநாதன் தெருவில் பொன்ராஜ் ஜவுளிக்கடை யாருக்கும் தெரியும். கூட்டத்தில் இடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கல்லாவில் முதலாளியே உட்கார்ந்திருந்தார்.

"கக்குவான் வந்த பிள்ளையா? நம்ம கன்னியம்மா மகளா இருக்கும். வெட்டுத் துணி வாங்கிட்டுப் போய்த் தலகாணி தைக்கிறவ. என்ன சோலி அண்ணாச்சி?"

"டாக்டர் மருந்தை மாத்தியிருக்கார். கொடுக்கணும்."

"அம்புட்டுத்தானா? சாயங்காலம் துணிக்கு வருவா. இங்கன வச்சிட்டுப் போங்க, நான் குடுத்திருதேன்." முதலாளி அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். ஆறு முழம் மல்லு வேட்டி வேண்டுமா எட்டு முழம் வேண்டுமா என்று அங்கே ஒரு விசாரணை ஆரம்பமாயிற்று.

இக்னேஷியஸ் பாட்டிலை வெளியே எடுக்கவில்லை. சொன்ன பொய் அவரையே கட்டிப் போட்டு நிற்க வைத்துவிட்டது.

"அண்ணாச்சி, நான் தப்பான மருந்து கொடுத்துட்டேன். குடிச்சா குழந்தை செத்துடும்."

பொன்ராஜ் எழுந்த வேகத்தில் முழக்கோல் கீழே விழுந்தது. வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சைக்கிள் ரிக்‌ஷாவைத் தானே காலி செய்து அவரை ஏற்றிவிட்டார். "மாம்பலம் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், லைன் ஓரம், மூணாவது குடிசை! ஓட்டுடே!"

மூன்றாவது குடிசை வாசலிலேயே தெரிந்துவிட்டது. குழந்தை தாயின் மடியில் செக்கச்செவேல் என்று கிடந்தது. கண்ணில் கறுப்பு விழியைத் தவிர வேறெதுவும் இல்லை. இல்லாத எதையோ காற்றில் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தது அதன் கை.

"கம்பவுண்டரா? நல்ல நேரத்துல வந்தய்யா. ஜொரம் எகிறிக்கினே கீது. எறும்பு, எறும்புன்னு பெனாத்துது."

"மருந்து குடுத்தியா?"

"இருமல் தாங்கல. ஒரு மணி வாக்குல ரெண்டு கோடு சேத்துக் குடுத்தேன்."

"தூக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

பழைய பாட்டில் அடுப்படியில் இருந்தது. எடுத்துக்கொண்டார். வாசலில் சாக்கடை. துணி அடைப்பில் விரல் போயிற்று. ஒரு கணம்தான். அடைப்பை அழுத்தி மூடிப் பையில் போட்டார். ஆனால் விஷயத்தைச் சொல்லவில்லை. அங்கேயே அவளிடம் சொல்லியிருக்கலாம். ராயப்பேட்டை ஆஸ்பத்திரி வரைக்கும் டாக்ஸியில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், அப்போதாவது சொல்லியிருக்கலாம். பயந்தார். வேறு காரணமே கிடையாது.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா குழந்தையின் கழுத்தை வளைத்துப் பார்த்தாள். "எத்தனை நாளா காய்ச்சல்?"

"இப்பத்தாம்மா, சோறு துன்னப்பறம்."

"மூளைக் காய்ச்சலா இருக்கலாம். முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கணும். சிஸ்டர், ரெடி பண்ணுங்க. வேற எதாவது குடுத்தியாம்மா?"

"இருமல் மருந்து மட்டுந்தாம்மா. நல்ல டாக்டரு குடுத்தது."

நல்ல டாக்டர். இக்னேஷியஸ் சுவரோரம் நின்றிருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. இன்னும் ஐந்து நிமிஷம் சும்மா நின்றால் போதும், வேலை, பெயர், எல்லாம் தப்பிவிடும். சிஸ்டர் குழந்தையைக் குப்புறத் திருப்பினாள்.

"டாக்டர், அது காய்ச்சல் இல்லை." தன் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "பெல்லடோனா. எட்டு மடங்கு கெட்டி. ரெண்டு வேளை மருந்தைச் சேர்த்துக் குடிச்சிருக்கா, ஒண்ணரை மணி நேரத்துக்கு முன்னாடி. கலந்தது நான்." பாட்டிலை நீட்டினார். பட்டையில் இரண்டு வெட்டு காலியாக இருந்தது.

டாக்டரம்மா குழந்தையின் விழியைப் பிரித்து ஒரு தடவைதான் பார்த்தாள். "விழி விரிஞ்சு கிடக்கு, மருந்துதான். ஊசி வேண்டாம். வயிறு கழுவணும், ட்யூப் கொண்டாங்க!"

கன்னியம்மாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அறைந்தாள். கண்ணாடி தெறித்து விழுந்தது. "பாவி! கூடவே வந்தியேடா! வண்டியில கூடவே குந்தினு வந்தியே!" அவர் கன்னத்தைத் தொடக்கூட இல்லை.

குழாய் இறங்கும்போது குழந்தை துள்ளியது. தாயின் பிடி நழுவியது. "இன்னாய்யா மரமாட்டம் நிக்கிற? காலைப் புடி!" என்று கத்தினாள். அவர் பிடித்தார்.

ஆறு மணிக்குச் சிவப்பு வடிந்திருந்தது. குழந்தை "தண்ணி" என்றது. ஆபத்து தாண்டிவிட்டது, ராத்திரி வைத்துப் பார்க்கலாம் என்றாள் டாக்டரம்மா. நோட்டை எடுத்து அவர் பெயர் கேட்டாள், கிளினிக் பெயர் கேட்டாள். இரண்டையும் சொல்லிக் கீழே கையெழுத்துப் போட்டார் இக்னேஷியஸ். 

கட்டிலுக்கு வந்தபோது கன்னியம்மா அவருடைய பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுல இன்னொரு பாட்டில் கீதே, இன்னா அது?"

"சரியா கலந்த மருந்து. மருந்தை மாத்தியிருக்குன்னு சொல்லி உன்கிட்ட குடுக்கச் சொன்னார் எங்க டாக்டர். இப்ப குழந்தைக்கு வேணாம். டாக்டரம்மா சொன்னப்புறம்தான் எதுவும்."

அவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் திறந்தாள். மோந்து பார்த்தாள். அவரிடம் நீட்டினாள்.

"நீ குடி."

வாங்கி, பட்டையில் இரண்டு வெட்டு இறங்கும் வரை குடித்தார்.

"குந்து இங்கயே. ஒண்ணரை மணி நேரம்."

கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். அவளும் எதிரே உட்கார்ந்து, அவருடைய கண் விழிகளையே பார்க்க ஆரம்பித்தாள்.