நான்காவது கட்டம்

அந்த அறையில் அவளுக்குக் காது என்று பெயர். ஐந்து பெண்கள் உட்கார்ந்து கேட்கிற இடத்தில், மற்றவர்களுக்குச் சிக்காத சத்தம் அவளுக்குச் சிக்கிவிடும். மிரட்டிப் பேசுகிறவனுக்குப் பின்னால் லிஃப்ட் கதவு மூடுகிறதா, மாவு மில் ஓடுகிறதா, எத்தனை நிமிடத்துக்கு ஒரு ரயில் போகிறது, எல்லாம் சொல்வாள். போன வருடம் ஒரு லேத் பட்டறைச் சத்தத்தைப் பற்றி அவள் எழுதிய இரண்டு வரியால் ஏழு பேர் அகப்பட்டார்கள்.

பணம் கேட்டு மிரட்டிய கும்பல் ஒரு டயர்க் கடைக்காரரைப் பட்டப்பகலில் அவர் கடை வாசலிலேயே வெட்டிப் போட்ட பிறகு, வியாபாரிகள் சங்கமும் போன் கம்பெனியும் அரசாங்கமும் சேர்ந்து உட்கார்ந்து பேசி ஆரம்பித்த ஏற்பாடு அது. கடைக்கு மிரட்டல் வந்தால் கடைக்காரர் போனில் ஒரு பட்டனை அழுத்தினால் போதும். பேச்சு பதிவாகி இங்கே வந்துவிடும். நம்பரை வைத்துப் பிடிக்க முடியாது, ஒவ்வொரு தடவையும் வேறு சிம். டவர் காட்டும் இடத்தில் பத்தாயிரம் வீடு இருக்கும். அதனால்தான் காதுகள் தேவைப்பட்டன. கம்பெனி அறையையும் இயந்திரங்களையும் பெண்களையும் கொடுத்தது. அரசாங்கம் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவரையும் விதிமுறைகளையும் கொடுத்தது.

"விதிமுறைக்கும் ஏசிக்கும் இங்க பஞ்சமே இல்ல" என்பாள் ஸ்வெட்டரக்கா. வெயில் காலத்திலும் பச்சை ஸ்வெட்டரைக் கழற்றாததால் வந்த பெயர்.

முதல் விதி, என்ன வேலை என்று வீட்டுக்குத் தெரியக்கூடாது. அவள் தன் தம்பியிடம் போன் பில் புகார்ப் பிரிவு என்று சொல்லியிருந்தாள். "உனக்குத்தான் பொறுமை ஜாஸ்தியாச்சே, நல்லா திட்டு வாங்கு" என்று அவன் சிரித்தான். தான் கூரியரில் இருப்பதாக அவன் சொல்லியிருந்தான். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டே தட்டு.

இரண்டாம் விதி, ஒரு பதிவை இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டுச் சீட்டு எழுத வேண்டும். ஒருத்தி மட்டும் எழுதியதை நம்பிப் போய் போலீஸ்காரர்கள் ஒரு அப்பாவிப் பால்காரரை எலும்பு முறிய அடித்துவிட்ட பிறகு வந்த விதி அது. இரண்டு சீட்டும் ஒத்துப்போனால் நாலு மணிக்கு வரும் ஏட்டு அன்றைக்கே எடுத்துப் போவார். ஒத்துப்போகாவிட்டால் இன்ஸ்பெக்டர் ஐயா தானே கேட்டு முடிவு சொல்லும்வரை காத்திருக்கும். ஐயா இந்த ஏற்பாட்டுக்காகக் கேடயம் வாங்க வெளியூர் போயிருந்தார். திங்கட்கிழமைதான் வருவார்.

அன்று புதன்கிழமை. பதினொன்றரைக்கு அவளுக்கு வந்த பதிவு முந்தின நாள் மதியம் ஒரு தையல் கடைக்கார அம்மாவுக்குப் போன அழைப்பு. பேசுகிறவன் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு பேசினான்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம். அப்புறம் பேச்சு கிடையாது."

"தம்பி, ரெண்டு மிஷின் வச்சு ஓட்டுறேன்ப்பா. எங்கிட்ட என்ன இருக்கு?"

"நீல பேக் போட்டுக்கிட்டு நாலரைக்கு ஸ்கூல்லருந்து வருதே, அது இருக்குல்ல?"

அதற்குப் பிறகு அந்த அம்மா பக்கத்தில் ஒரு தையல் மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடையில் இருந்த இன்னொருத்திக்கு எதுவும் தெரியாதுபோல. அவன் பக்கத்தில் ஒரு குழாய் சொட்டியது. எங்கோ ஒரு கதவு தரையில் உரசியது. பிறகு ஒரு பெண் குரல், தூரத்திலிருந்து:

"டேய், சாப்பாடு ஆறுது. எத்தனை தடவ கூப்பிடுறது?"

அவள் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவை சத்தத்தைக் கூட்டினாள். நேற்று அவளுக்கு வார விடுமுறை. நேற்று மதியம் அவள் அப்படித்தான் கூப்பிட்டாள். வீட்டுக் குழாய்க்கு வாஷர் மாற்ற வேண்டும் என்று போன மாதமே நினைத்தாள்.

ஹெட்போனின் ஸ்பாஞ்ச் ஒரு பக்கம் பிய்ந்திருப்பதைப் பார்த்தாள். புதிது ஒன்று கேட்டு வாங்க வேண்டும் என்று நினைத்தாள். சீட்டை எடுத்து முதல் கட்டத்தில், வயது, இருபதிலிருந்து இருபத்தைந்து என்று எழுதினாள். இரண்டாவதில், பேச்சு, அவசரமில்லை. மூன்றாவதில், பேர் அல்லது இடம் சொல்லப்பட்டதா, இல்லை. நான்காவது கட்டம் பின்னணிச் சத்தம். அங்கே பேனா நின்றது.

சாப்பாட்டு நேரத்தில் ஸ்வெட்டரக்கா அவளைக் கை கழுவும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"தையல்காரம்மா பதிவு உனக்கு வந்துச்சா?"

"வந்துச்சு."

"கேட்டுட்டியா?"

"கேட்டேன்."

ஸ்வெட்டரக்கா குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். "காலைல எனக்குத்தான் முதல்ல வந்துச்சு. அஞ்சு வருஷமா உன் பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்கேன், உன் குரல் எனக்குத் தெரியாதாடி? நாலாவது கட்டத்துல ஒண்ணுமில்லன்னு எழுதிப் பெட்டில போட்டுட்டேன். நீயும் அதையே எழுது. ரெண்டும் ஒத்துப்போயிடும், துப்பு ஒண்ணும் இல்லன்னு ஸ்டேஷன் பீரோவுல தூங்கும். வீட்டுக்குப் போய் அவன நாலு அறை விடு."

"அறைஞ்சா?"

"அறைஞ்சா திருந்துவான்."

"பத்து வயசுல அறைஞ்சேன். அழவே இல்ல. சாப்பாடு எங்கன்னு கேட்டான்."

"இப்ப எதுக்கு அந்தக் கதை? எழுதுவியா மாட்டியா?"

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீல பேக்குன்னான்" என்றாள்.

"சும்மா பயமுறுத்தறதுக்குச் சொல்றது. எல்லாப் பயலும் அதைத்தான் சொல்றான்."

"டயர்க் கடைக்காரருக்கும் அப்படித்தானே சொன்னாங்க."

ஸ்வெட்டரக்கா குழாயை மூடிவிட்டுப் போய்விட்டாள்.

மூன்றே காலுக்கு அவள் நான்காவது கட்டத்தை நிரப்பினாள். கையெழுத்து எப்போதும்போல் குண்டு குண்டாக வந்தது. "குழாய் சொட்டுகிறது. கதவு தரையில் உரசுகிறது. பெண் குரல், சாப்பிடக் கூப்பிடுகிறது. குரல் என்னுடையது. பேசுகிறவன் என் தம்பி." அதற்குக் கீழே வீட்டு விலாசம். மாடிப்படி பின்பக்கம் என்பதையும் சேர்த்தாள். புதிதாக வருகிறவர்கள் முன்பக்கம்தான் தேடுவார்கள்.

பெட்டிச் சாவி மேஜை டிராயரில்தான் இருக்கும். ஸ்வெட்டரக்காவின் சீட்டை எடுத்து, தன் சீட்டையும் சேர்த்து அவள் முன்னால் வைத்தாள்.

"உன்னோடதை மாத்தி எழுதுக்கா. ரெண்டும் ஒத்துப்போகலன்னா திங்கட்கிழமை ஆயிடும். வெள்ளிக்கிழமை போயிடும்."

ஸ்வெட்டரக்கா படித்தாள். "உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு. மாடிப்படி வரைக்கும் எழுதியிருக்க."

"எழுதுக்கா."

"உன் கையால வளத்த புள்ளடி அவன். நாளைக்கு என்னைப் பார்க்கும்போதெல்லாம் உனக்கு அதுதான் ஞாபகம் வரும். நான் எழுத மாட்டேன் போ."

"நீ காலைல கேட்டதைத்தான் எழுதச் சொல்றேன். கேக்காததை எழுதச் சொல்லல."

"அழவாவது அழுடி, தரித்திரமே!"

"வரலக்கா. காலையிலருந்து பாக்குறேன், வரல."

மற்ற மூன்று பெண்களும் ஹெட்போனோடு குனிந்திருந்தார்கள். ஸ்வெட்டரக்கா ஸ்வெட்டர் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஒரு புதுச் சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தாள். எழுதி முடிக்கும்வரை ஒரு தடவைகூட நிமிரவில்லை. மூன்று ஐம்பதுக்கு இரண்டு சீட்டும் பெட்டிக்குள் விழுந்தன. நாலு மணிக்கு ஏட்டு வந்தார், எண்ணி வாங்கினார். "இன்னைக்கு என்னம்மா, சத்தமே காணோம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஐந்தரைக்கு அவள் வீட்டுக்கு வந்தாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. தம்பியின் செருப்பு வாசலில் கிடந்தது, ஒன்று கவிழ்ந்து. அதை நிமிர்த்தி வைத்தாள். காலையில் வைத்த குழம்பைச் சுடவைத்தாள், சோறு வடித்தாள், இரண்டு தட்டிலும் போட்டாள். உள்ளறையில் அவன் யாரிடமோ போனில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தான்.

கூப்பிட வேண்டும். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அறைக் கதவுக்குப் போய் விரலால் இரண்டு தடவை தட்டினாள்.

அவன் எட்டிப் பார்த்தான். "என்னக்கா, புதுசா கதவத் தட்டுற? வாய் என்னாச்சு?"

"சாப்பிடு."

"ஆபீஸ்ல நல்ல திட்டா?"

"ஆமா."

"எவன் திட்டினான்னு சொல்லு, நான் பாத்துக்கறேன்" என்று சிரித்தபடி உட்கார்ந்தான். பசியோடுதான் வந்திருந்தான். அவள் இன்னொரு கரண்டி போட்டாள். போதும் என்றான், தின்றான்.

அவள் எதிரே உட்கார்ந்து தன் சோற்றைப் பிசைந்தாள். காது பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. குழாய் சொட்டுகிறது. பக்கத்து வீட்டில் டிவி. அவன் மெல்லும் சத்தம். கீழே ஒரு வண்டி, எஞ்சினை நிறுத்தாமல் நிற்கிறது.

பின்பக்கப் படியில் ஷூ சத்தம். மூன்று பேர், அவசரமில்லாமல்.

"யாரோ வர்றாங்க போல" என்றான் அவன், வாயில் சோற்றோடு.

"நீ சாப்பிடு" என்றாள்.